கேட்டவர் செவியும் பாடியவர் குரலும்

பாட்டைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் பாடியவரைப் பற்றியே எழுதி முடித்து விடுகின்றனர். கேட்டவரைப் பற்றிச் சிந்திப்போர் மிகச் சிலரே. நம் முன்னோர் இதில் வேறு வழி சென்றனர். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் ‘இஹ்யா உலூமித்தீ’னில் இசையைப் பற்றித் தனி ஒரு பகுதியே வகுத்தார்கள். அதற்குப் பெயரிடும்போது பாடுதலை முன்வைக்காமல், ‘ஸமாஉ’ என்னும் செவிமடுத்தலின் ஒழுக்கங்களையே முன்வைத்தார்கள். செவிமடுத்தல் உள்ளத்தில் இல்லாத ஒன்றைக் கொண்டுவந்து வைப்பதில்லை, ஏற்கெனவே அங்கே உறைந்து கிடப்பதையே அசைத்து எழுப்புகிறது என்னும் ஸூஃபியாக்களின் கருத்தை அங்கே எடுத்தாள்கிறார்கள். காலம், இடம், உடனிருப்போர் ஆகிய மூன்றும் பொருந்தி வரவேண்டும் என்பதையும், கேட்பவர் தாம் கேட்ட சொல்லைத் தம் சொந்த நிலைமைக்கு எவ்வாறு பொருத்திக் கொள்கிறார் என்பதையும் விரித்துரைக்கிறார்கள்.

இசை ஆகுமா ஆகாதா என்னும் வழக்கு நெடியது; அதற்குள் நாம் இங்கே புகவில்லை. செவிமடுத்தலைப் பற்றிய இந்த நுட்பமான அளவுகோலை மட்டும் கையில் எடுத்துக் கொண்டு, 1994ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த ஓர் இசைத்தட்டையும் அதைக் கேட்டோரின் மனநிலைகளையும் ஆராய விழைகிறோம். ஜெஃப் பக்லி என்னும் இளைஞரின் ‘கிரேஸ்’ அது. ‘அருள்’ என்பது அதன் பெயரின் பொருள். நம் வாசகர்களுக்கு இதில் என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றலாம். தொடர்பு உண்டு, அது சிறியதும் அன்று. அதனைப் பின்னர்க் காண்போம்.

*

ஜெஃப் பக்லி 1966 நவம்பர் 17இல் கலிஃபோர்னியாவில் பிறந்தவர். அவருடைய தந்தை டிம் பக்லியும் புகழ் பெற்ற பாடகர். மகன் பிறக்கும் முன்பே அவர் குடும்பத்தைப் பிரிந்து சென்றார். எட்டு வயதில் சில நாட்கள் மட்டும் தந்தையுடன் தங்கும் வாய்ப்பு மகனுக்குக் கிடைத்தது. அதன்பின் அதிக நாள் செல்லவில்லை. 1975 ஜூனில், 28ஆம் வயதில், போதைப் பொருளுக்கு இரையாகித் தந்தை மாண்டார். இறுதிச் சடங்கிற்கு மகன் அழைக்கப்படவில்லை. 1991இல் நியூயார்க் புரூக்ளினிலுள்ள ஒரு தேவாலயத்தில் டிம் பக்லியின் நினைவாக நடைபெற்ற இசை நிகழ்ச்சியில், அதுவரை எவரும் அறியாதிருந்த மகன் எழுந்து பாடினார். கேட்டோர் திகைத்தனர். அவர்களுள் பலர் மகனின் குரலில் தந்தையைத் தேடினார்கள். இவரைக் கேட்டோர் செய்த முதல் பிழை இதுவே எனலாம். தம்மைத் தந்தையின் நிழலாக நோக்குவதை அவர் இறுதிவரை வெறுத்தார்.

நியூயார்க்கின் ஈஸ்ட் வில்லேஜ் பகுதியில் ‘ஷின்-ஏ’ என்றொரு சிறிய காப்பிக்கடை இருந்தது. அங்கே ஒற்றைக் கிதாருடன் நின்று அவர் பாடி வந்தார். தம் பாடல்கள் சிலவும் பிறர் பாடல்கள் பலவுமாக, ஃபிரெஞ்சுப் பாடகி எடித் பியாஃப் முதல் நீனா சிமோன் வரை எல்லாரையும் அவர் அங்கே பாடிப் பார்த்தார். கேட்டவர்கள் கைநீட்டினால் தொடும் தொலைவில் இருந்தார்கள். அவர்களுடைய முகத்தைப் பார்த்தே ஒரு வரியை நீட்டவும் குறுக்கவும் அவரால் முடிந்தது. பின்னர் கொலம்பியா நிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்தது. 1993இல் வுட்ஸ்டாக்கிலுள்ள பேர்ஸ்வில் ஒலிப்பதிவுக் கூடத்தில், ஆண்டி வாலஸின் மேற்பார்வையில் பதிவு தொடங்கியது. 1994 ஆகஸ்டு 23இல் ‘கிரேஸ்’ வெளிவந்தது. பத்துப் பாடல்கள், ஏறத்தாழ 52 நிமிடங்கள். அவற்றுள் மூன்று பிறருடையவை. பாடியவருக்கு அப்போது வயது 27.

*

அக்காலத்தின் செவி எதற்குப் பழகியிருந்தது என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். கர்ட் கோபேன் மறைந்து நான்கு திங்களே ஆகியிருந்தன. கரகரத்த குரலும் இரைச்சலிடும் கிதாரும் அமெரிக்க இளைஞரின் வேதனைக்கு மொழியாய் விளங்கிய காலம் அது. அந்த வேளையில், பெண் குரலின் உயரத்திற்கு எழும்பி, முணுமுணுப்பில் தாழ்ந்து, பழைய கிறித்தவக் கீதம் ஒன்றையும் துணிந்து பாடும் ஓர் இளைஞரை எந்த அலமாரியில் வைப்பதென்று வானொலியார்க்கு விளங்கவில்லை. அமெரிக்க விற்பனைப் பட்டியலில் ‘கிரேஸ்’ எட்டிய உச்சி 149ஆம் இடம். ‘லாஸ்ட் குட்பை’ என்னும் பாடல் மட்டும் 1995இல் நவீன ராக் பாடல்களின் பட்டியலில் 19ஆம் இடம் வரை சென்றது. அதே ஆண்டில் ஒரு பிரபல வார இதழ் இவரை உலகின் அழகிய ஐம்பதின்மருள் ஒருவராக அறிவித்தது. தம் குரலைக் கேட்கச் சொன்னவருக்கு, முகத்தைப் பார்த்தோம் என்று விடை கிடைத்தது. அந்தப் புகழ்ச்சி அவருக்குச் சிறிதும் பிடிக்கவில்லை.

கடல் கடந்த நாடுகளில் வேறு விதமாய் நிகழ்ந்தது. ஃபிரான்சில் 1995இல் சார்ல் குரோ கழகத்தின் சர்வதேசப் பரிசு இத்தொகுப்பிற்குக் கிடைத்தது. அப்பரிசை முன்னர்ப் பெற்றவர்களுள் எடித் பியாஃபும் ஒருவர். ஆஸ்திரேலியாவில் முதல் பத்து இடங்களுக்குள் நுழைந்தது. சக கலைஞர்கள் வியந்தனர். லெட் செப்பெலின் குழுவின் ஜிம்மி பேஜ் இதைத் தம் விருப்பத்திற்குரிய தொகுப்புகளுள் ஒன்றாகப் போற்றினார். டேவிட் போவி தனித்தீவில் வாழ நேர்ந்தால் உடன் கொண்டு செல்லும் பத்துள் ஒன்றெனக் குறித்தார். 1994இல் லண்டனில் பக்லி பாடக் கேட்ட ரேடியோஹெட் குழுவின் தாம் யார்க், அதன்பின் தம் ஒலிப்பதிவுக் கூடத்திற்குத் திரும்பித் தம் புகழ் பெற்ற பாடல்களுள் ஒன்றைப் பாடினார். ஆக, எண்ணிக்கையிற் குறைந்த செவிகள் ஆழமாகக் கேட்டன. எண்ணிக்கையில் மிகுந்தவை கேளாமலே கடந்து சென்றன. முதற்கட்டத்தின் கணக்கு இதுதான்.

*

1997 மே 29. இரண்டாவது தொகுப்பிற்காக மெம்பிஸ் நகரில் தங்கியிருந்த பக்லி, மாலை வேளையில் உல்ஃப் ஆற்றின் துறையில் உடுத்த உடையுடனே நீந்த இறங்கினார். நீர் அவரை இழுத்துச் சென்றது. சில நாட்களுக்குப் பின்னரே உடல் கிடைத்தது. விபத்து என்றே ஆய்வு முடிவு செய்தது. வயது 30.

அன்று முதல் ‘கிரேஸ்’ வேறொரு நூலாகி விட்டது. இசைத்தட்டில் ஓர் ஒலியும் மாறவில்லை, செவிகள் மாறின. அதில் வரும் மழையும் நீரும் பிரிவும் மரணமும் பற்றிய சொற்களெல்லாம் முன்னறிவிப்புகளாயின. தலைப்புப் பாடலில், அன்பு துணை நிற்கையில் சாவுக்கு அஞ்சவேண்டியதில்லை என்று ஓர் இளைஞர் நெஞ்சை நிமிர்த்திக் கொண்டதைத் தம் முடிவை அறிந்தவரின் வாக்குமூலமாகக் கேட்கலானார்கள். முன்பு மிதமாக மதிப்பிட்ட திறனாய்வாளர்களும் குரலை மாற்றினர். ‘ரோலிங் ஸ்டோன்’ இதழ் 2003இல் வெளியிட்ட தலைசிறந்த 500 தொகுப்புகளின் பட்டியலில் ‘கிரேஸ்’ 303ஆம் இடம் பெற்றது. 2020ஆம் ஆண்டுப் பட்டியலில் 147ஆம் இடத்திற்கு ஏறியது. வெளிவந்த காலத்தில் விற்பனையில் 149ஆம் இடத்தைத் தாண்டாத ஒன்று, இருபத்தாறு ஆண்டுகள் கழித்து எல்லாக் காலத்துக்குமான வரிசையில் அதனினும் மேலே அமர்ந்தது.

மகிழ வேண்டிய செய்திதான். ஆயினும் நம் உள்ளத்தில் ஓர் உறுத்தல் எழுகிறது. செவிமடுத்தல் உள்ளத்தில் இருப்பதையே எழுப்பும் என்றால், இந்தப் பிற்காலக் கேட்போரின் உள்ளத்தில் இருந்தது என்ன? இளமையில் அழிந்த அழகைக் குறித்த இரக்கம். அவர்கள் கேட்டது பாட்டையா, அந்த இரக்கத்தையா? ஓர் இளைஞரின் முதல் ஏட்டை அவருடைய இறுதி ஏடாகப் படிப்பது அவருக்குச் செய்யும் சிறப்பாகத் தோன்றலாம். உண்மையில் அது ஒருவகை அநீதி. முதல் ஏட்டில் தடுமாற உரிமை உண்டு. கடன் வாங்க உரிமை உண்டு. மிகையாகப் பேசிப் பின்னர் நாணவும் உரிமை உண்டு. மரணம் வந்து முத்திரையிட்டதும் அந்த உரிமைகள் யாவும் பறிபோகின்றன. குறையைச் சொல்பவர் இரக்கமற்றவராகி விடுகிறார்.

*

இதே அநீதியின் வேறொரு வடிவம் ‘ஹல்லேலூயா’ என்னும் பாடலின் வரலாறு. கனடாக் கவிஞர் லெனர்ட் கோஹன் எழுதி 1984இல் வெளியிட்ட இப்பாடலை அன்று கவனித்தவர் சிலரே. 1991இல் ஜான் கேல் அதைப் பியானோவுடன் சுருக்கமாகப் பாடினார். அதைக் கேட்டே பக்லி கற்றுக் கொண்டார். ஒரே கிதார், ஒரே குரல், ஏறத்தாழ ஏழு நிமிடம். தொடக்கத்தில் அவர் விடும் பெருமூச்சும் பதிவில் இடம் பெற்றிருக்கிறது.

தாவீது மன்னரைப் பற்றிய யூத, கிறித்தவ மரபுக் கதையைத் தழுவியது இப்பாடல். நபிமார்களின் மாசின்மையில் நம்பிக்கை கொண்ட நமக்கு அக்கதை ஏற்புடையதன்று. எனினும், மலைகளும் பறவைகளும் உடன் சேர்ந்து இறைவனைத் துதித்த குரல் தாவூத் நபி (அலை) அவர்களுடையது என்பதை நாமும் அறிவோம். ‘இறைவனைப் புகழுங்கள்’ என்னும் பொருளுடைய அந்த ஒரு சொல்லை, முறிந்த காதலின் வாயிலிருந்து எழச் செய்த துணிவே இப்பாடலின் உயிர். துதிக்கும் தோல்விக்கும் நடுவே அது நிற்கிறது.

கேட்டோர் அதை எங்கெங்கே கொண்டு சென்றனர் என்பதுதான் வியப்பு. திருமணத்தில் பாடினார்கள், இழவு வீட்டிலும் பாடினார்கள். தொலைக்காட்சித் தொடர்களில் கண்ணீர் வரவேண்டிய இடத்திலெல்லாம் ஒலிக்க விட்டார்கள். 2008 மார்ச்சில் அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் ஒருவர் இதைப் பாடவே, மறைந்து பதினோர் ஆண்டாகும் பக்லியின் குரல் கணினி வழிப் பாடல் விற்பனையில் முதலிடம் பெற்றது. அதே ஆண்டு டிசம்பரில் பிரிட்டனிலும் இவ்வாறே நேர்ந்தது. போட்டியில் வென்ற அலெக்சாண்ட்ரா பர்க்கின் பதிவு முதலிடத்திலும், பக்லியின் பதிவு இரண்டாமிடத்திலும், எழுதிய கோஹனின் சொந்தப் பதிவு 36ஆம் இடத்திலும் ஒரே வாரத்தில் நின்றன! அமெரிக்கக் காங்கிரஸ் நூலகமும் பக்லியின் பதிவைத் தேசிய ஒலிப்பதிவுக் களஞ்சியத்தில் சேர்த்துக் கொண்டது.

புகழ் பெருகியது. ஆனால் தாமே எழுதிப் பாடிய கவிஞர் ஒருவர் உலகெங்கும் அறியப்படுவது தாம் எழுதாத ஒரு பாடலால்! அந்த ஒன்றைக் கேட்டவர்களுள் எத்தனை பேர் அதையடுத்து வரும் ஏழாவது பாடலுக்குப் பொறுமையுடன் செவி சாய்த்தார்கள்? கேட்பவர் கேட்டதைத் தம் நிலைக்குப் பொருத்திக் கொள்வது இயல்பு என்று கண்டோம். ஆனால் பொருளை முதலில் விளங்கிக் கொள்ளுதல், பின்னர்ப் பொருத்திக் கொள்ளுதல் என்பதே இமாம் அவர்கள் காட்டிய வரிசை. விளங்காமலே பொருத்திக் கொள்ளும்போது பாட்டு ஒரு போர்வையாகி விடுகிறது. எவரும் எதற்கும் போர்த்திக் கொள்ளலாம்.

*

இனி, நாம் முன்னர்ச் சொன்ன தொடர்புக்கு வருவோம்.

1990இல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், உடன் தங்கியிருந்த நண்பரின் அறையில் பக்லி ஒரு குரலைக் கேட்டார். பாக்கிஸ்தானின் கவ்வாலி மேதை நுஸ்ரத் ஃபத்ஹ் அலீ கான் அவர்களின் குரல் அது. கேட்டவர் கேட்டபடியே ஆட்பட்டார். தம்முடைய எல்விஸ் பிரெஸ்லி இவரே என்று மேடையிலேயே சொன்னார். ஷின்-ஏ காப்பிக்கடையில் நுஸ்ரத்தின் புகழ் பெற்ற கவ்வாலி ஒன்றின் பகுதியை உருது மொழியிலேயே பாடினார். 2003இல் வெளிவந்த விரிவான பதிப்பில் அதை நாம் கேட்கலாம். 1996இல் ஓர் இதழுக்காக நுஸ்ரத்தை நேரிற் கண்டு உரையாடினார்; அவருடைய பாடல் தொகுப்பு ஒன்றிற்கு முன்னுரையும் எழுதினார். 1995இல் ஃபிரான்சில் நடைபெற்ற புனித இசை விழாவில் அஜர்பைஜானின் முகாம் இசைப் பெரும் பாடகர் ஆலிம் காசிமோவுடன் இணைந்து பாடினார். பக்லி மறைந்த மூன்று மாதத்திற்குள், 1997 ஆகஸ்டு 16இல், நுஸ்ரத்தும் லண்டனில் இறையடி சேர்ந்தார்.

பக்லியை ஸூஃபி ஆக்கிக் காட்டுவது நம் நோக்கமன்று. அவர் அப்படித் தம்மைச் சொல்லிக் கொண்டதுமில்லை. ஆனால் ‘கிரேஸ்’ தொகுப்பைப் போற்றியோர், ‘வானவர் குரல்’ என்றும் ‘எங்கிருந்தோ வந்த குரல்’ என்றும் வியந்தபோது, அது எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு விடை கண்ணெதிரே இருந்தது. கவ்வாலி பாடுவோர் ஒரு சொற்றொடரைத் திரும்பத் திரும்பப் பாடி, ஒவ்வொரு முறையும் ஒரு படி உயர்த்தி, சொல் தீர்ந்த இடத்தில் வெறும் நாதமாக எழும்புவர். ‘கிரேஸ்’ என்னும் தலைப்புப் பாடலின் இறுதியில் சொற்கள் உதிர்ந்து போய்க் குரல் மட்டும் ஏறும் இடத்தைக் கேளுங்கள். ‘டிரீம் பிரதர்’ பாடலில் தபலா ஒலிக்கிறது. ‘லவர், யூ ஷுட்’வ் கம் ஓவர்’ என்னும் ஏழாவது பாடல், நம் கவ்வாலி மஜ்லிஸ்களில் நாம் நன்கறிந்த ஆர்மோனியத்தின் மூச்சுடன் தொடங்குகிறது. நம்மவர் செவிக்கு இவை உடனே புலப்படும்.

கவ்வாலியிலிருந்து அவர் பெற்றது குரல் வித்தையோடு நின்றிருந்தால் நாம் இவ்வளவு எழுதியிருக்க மாட்டோம். கவ்வாலி சபையில் கேட்பவர் பாடலின் பங்காளி. ஒருவர் ஒரு வரியில் தம்மை மறந்து நின்றால், அவர் நிலை தெளியும் வரை அதே வரி மீண்டும் மீண்டும் பாடப்படும். எதைப் பாடுவது, எத்தனை முறை பாடுவது என்பதைக் கேட்பவரின் உள்ளம் தீர்மானிக்கிறது. ஷின்-ஏயில் பக்லிக்கு அத்தகைய சபை ஒன்று வாய்த்திருந்தது. ஒலிப்பதிவுக் கூடத்தில் அது இல்லை. எதிரில் எவருமின்றிப் பாடிய அந்தக் குரலுக்கு உரிய சபை கூடுவதற்குள் பாடியவர் போய்விட்டார். இத்தொகுப்பின் துயரம் எங்கே இருக்கிறது என்று எவரேனும் கேட்டால், ஆற்றங்கரையை விட்டுவிட்டு இந்த இடத்தையே நாம் சுட்டிக் காட்டுவோம்.

*

அப்படியாயின் இன்று இதை எவ்வாறு கேட்பது? ஓர் இளைஞரின் முதல் ஏடாகக் கேட்பதே முறை என்பது நம் துணிபு. அவ்வாறு கேட்கையில் குறைகள் மறையா. முதற்பாடலின் சொற்கள் மயக்கம் தருவனவேயன்றித் தெளிவு தருவன அல்ல. அலங்காரம் சில இடங்களில் உணர்ச்சியை முந்திக் கொண்டு ஓடுகிறது. தம் குரலின் வலிமையைக் கண்டு தாமே மயங்கும் இளமை அது. ஒன்பதாவது பாடலான ‘எடர்னல் லைஃப்’ஸின் இரைச்சல், அதற்கு முன் அமைதியாக ஒலித்த பழங்கீதத்தை மிதித்துக் கொண்டு வருகிறது.

நிறைகளும் அப்போதுதான் தெளிவாகத் தெரியும். தம் முதிர்ச்சியின்மையால் ஓர் அன்பை இழந்த இளைஞர், மழைநாளில் வாயிலைப் பார்த்து நின்று, பழி அனைத்தையும் தம்மீதே ஏற்றுக் கொள்ளும் ஏழாவது பாடல் இத்தொகுப்பின் சிகரம். பிறரைக் குறை கூறிப் பாடுவோர் பலர். தம் சிறுமையைப் பாடி அழகுபடுத்துவோர் சிலர். இறுதிப் பாடலான ‘டிரீம் பிரதர்’ இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. கருவுற்றிருக்கும் துணைவியை விட்டுப் பிரிய எண்ணிய நண்பர் ஒருவரை நோக்கி, என் தந்தை எனக்குச் செய்ததை நீ உன் பிள்ளைக்குச் செய்யாதே என்று வேண்டும் பாடல் அது. தந்தையின் குரலை மகனிடம் தேடி வந்தவர்களுக்கு மகன் அளித்த விடை இங்கே இருக்கிறது. தந்தையைச் சபிக்கவில்லை, தந்தை விட்ட இடத்தில் இன்னொரு குழந்தை நிற்கக் கூடாது என்று மட்டும் மன்றாடுகிறார். குடும்பத்தோடு வாழும் எவர் செவியிலும் இது விழ வேண்டும். விழுந்திருக்கிறதா? ‘ஹல்லேலூயா’வின் ஏழு நிமிடத்தோடு எழுந்து சென்றவர்களுக்கு இது கிட்டியிருக்காது.

2025இல் பக்லியின் வாழ்வைப் பற்றிய ஆவணப்படமும் வெளிவந்து விட்டது. புதிய தலைமுறையினர் கைப்பேசிகளில் இவரைக் கண்டெடுக்கிறார்கள். மீண்டும் செவிகள் மாறும். மீண்டும் ஏதேனும் ஒரு துண்டு புகழ் பெறும். அதைத் தடுப்பார் இல்லை. தடுக்க வேண்டியதும் இல்லை. நம் இல்லத்துப் பிள்ளைகள் எவரேனும் இவர் குரலைக் கேட்டு உருகி நின்றால், அவர் எப்படி இறந்தார் என்னும் கதையை உடனே சொல்லி விடாதீர்கள். முதலில் பத்துப் பாடல்களையும் வரிசையாகக் கேட்கச் சொல்லுங்கள். ஏழாவது பாடலின் தொடக்கத்தில் ஆர்மோனியம் மூச்செடுக்கும்போது, ‘இந்த ஒலியை எங்கோ கேட்டிருக்கிறோமே!’ என்று அப்பிள்ளை நிமிர்ந்து பார்க்கும். அப்போது நுஸ்ரத்தின் பெயரைச் சொல்லுங்கள். மெம்பிஸ் ஆற்றின் கதை அதன் பின்னர் வந்தால் போதும்.